இரண்டு கார்டையும் நீட்டியவனுக்கு

எல்லாக் கவுன்டரிலும் எனக்கு முன்னால் நின்ற என் கோதண்டத்துக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதாமல் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். சென்னையில், ஏசி போட்ட ஓர் அலுவலகத்தில், டை கட்டிய அதிகாரிக்கு எதிரில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். நீ நம்பமாட்டாய். எனக்கே இன்னும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நம்மைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நாம் இருவரும் சென்னைக் கம்பெனி ஒன்றில் தராசு சரிபார்க்கிறவர்களாக இருந்தோம். மருந்துத் தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருக்கிற நுட்பமான தராசுகள் சரியான எடை காட்டுகின்றனவா என்று, பெட்டி நிறைய எடைக்கற்களோடு ஊர் ஊராகப் போய்ப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தராசில் தெரியும் எண்ணைப் படிக்க வேண்டும். மற்றவர் அதை எழுதிக்கொண்டு உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். நீ படிப்பாய். நான் எழுதித் திருப்பிச் சொல்வேன்.

உறவுமுறை எதுவும் இல்லாத என்னை நீ பாவா என்று கூப்பிட்டாய். பள்ளிப்பட்டுக்காரனுக்குப் பாதி வாய் தெலுங்கு; பாவா என்றால் மச்சான். உன் மனைவி சரோஜா என்னை அண்ணா என்று அழைத்த முதல் நாளே, "அப்போ நீ எனக்கு பாவா, முடிஞ்சிபோச்சி" என்று தீர்ப்புச் சொன்னாய். கல்யாணத்துக்குப் பயந்து ஒதுங்கிய எனக்கு அப்படித்தான் ஒரு குடும்பம் கிடைத்தது.

தொண்ணூற்று நான்கு வாக்கில் கம்பெனி நம்மை ரயிலிலிருந்து விமானத்துக்கு மாற்றியது நினைவிருக்கிறதா? மூன்று நாள் ரயில் குலுக்கலில் கற்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன என்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கைதான் காரணம். அறிக்கையை எழுதியது நான், மேனேஜர் மேசையில் வைத்தது நீ. அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த தனியார் விமானக் கம்பெனி ஒன்று அடிக்கடி பறக்கிறவர்களுக்கென்று ஒரு கார்டும் பச்சை அட்டை போட்ட சின்னப் புத்தகமும் கொடுத்தது. புத்தகத்தை நான் மூன்று முறை படித்தேன். நீ கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

முந்நூறு முறை பறந்தால் வாழ்நாள் உறுப்பினர் என்று அதில் இருந்தது. தனி வரிசை, கூடுதல் சுமை, கூட வரும் ஒருவருக்கும் அதே மரியாதை. கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி: வாழ்நாள் உறுப்பினரின் காலத்துக்குப் பிறகு அவருடைய கார்டும், அதில் சேர்ந்த புள்ளிகளும், அந்தப் புள்ளிகளுக்குக் கிடைக்கிற இலவசப் பயணங்களும் அவர் மனைவிக்கு. அந்த வரியை நான்தான் உனக்குப் படித்துக் காட்டினேன். நீ அன்றைக்கே ஊருக்குப் போய் சரோஜாவிடம், "நான் முந்நூறு தபா பறந்தா, நீ சும்மாவே பறக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

அதற்குப் பிறகு நீ வேறு விமானத்தில் ஏறச் சம்மதித்ததே இல்லை. நாக்பூரில் பனி மூட்டம் என்று நம் விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானபோது, பக்கத்துக் கம்பெனி விமானத்தில் இடம் இருக்கிறது, மாற்றித் தருகிறோம் என்றார்கள். நான் எழுந்தேன். நீ உட்கார்ந்தபடியே, "பாதி மலை ஏறிட்டு வேற மலைக்கா போவ?" என்றாய். மலையேறிப் பழகிய திருத்தணிக்காரனான எனக்கு அது போதும். உட்கார்ந்துவிட்டேன்.

கவுன்டரில் என் கார்டையும் நீதான் நீட்டுவாய். அங்கே நிற்கிற பெண்கள் ஆங்கிலத்தில் வேகமாக ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். எம்.எஸ்ஸி. படித்தவன் நான், பத்தாவதோடு நிறுத்தியவன் நீ. ஆனாலும் இரண்டு கார்டையும் சேர்த்து நீ நீட்ட, எடைக்கல் பெட்டியை அணைத்துக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். அந்தப் பழக்கம் என்ன செய்து வைத்தது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

முந்நூறைத் தொட்டுவிட்டேன் என்று எனக்கு முதலில் தங்க நிறக் கார்டு வந்ததும், நான் கூசிப்போனதும் உனக்குத் தெரியும். "எழுதறவனுக்கு மொதல்ல தர்றானுங்க, படிக்கிறவனுக்கு அப்புறம் தருவானுங்க" என்று சிரித்தாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. என் நோட்டுக் கணக்குப்படி நான் அப்போது முந்நூறை எட்டவில்லை. ஆனால் அவர்கள் அச்சடித்து அனுப்பிய காகிதத்தில் முந்நூறு என்று இருந்தது. அச்சை நம்பினேன். என் கையெழுத்தை நம்பவில்லை. ஆயுள் முழுக்க அப்படித்தானே இருந்திருக்கிறேன்?

அடுத்த வருஷம் நீ போய்விட்டாய். பள்ளிப்பட்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டே. உன் இறப்புச் சான்றிதழ் நகலையும் உன் கார்டு எண்ணையும் நான்தான் அவர்களுக்குத் தபாலில் அனுப்பினேன். அனுப்பி என்ன?

போன கார்த்திகையில் அவர்களிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எனக்கு. உங்களுக்கு இன்னும் மேலான சேவை தருவதற்காக விதிகளை மாற்றுகிறோம் என்று தொடங்கியது. மேலான சேவை என்று ஒருவர் எழுதினால் எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறார் என்பது எனக்கே தெரியும். மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு எத்தனை முறை பறந்தோம் என்பது கணக்கில்லை. எவ்வளவு தூரம், எந்த வகுப்பு என்பதுதான் கணக்கு. அந்தத் தேதிக்குள் முந்நூறு தொட்டவர்களுக்குப் பழைய சலுகைகள் அப்படியே இருக்கும். தொடாதவர்களுக்கு மனைவி பற்றிய அந்தக் கடைசி வரியும் கிடையாது. எனக்கு முந்நூற்று எட்டு, ஆகவே கவலை வேண்டாம் என்று வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள்.

இன்னொன்று உன் பெயருக்கு. சரோஜா அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணா, அவுரு இன்னும் பதினோரு தபா பறக்கணுமாம். மார்ச்சிக்குள்ள. எப்டிண்ணா அனுப்பறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

விஷயம் இதுதான். உன் மகள் உமா கௌகாத்தியில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மார்ச் கடைசியில் தேதி. மாப்பிள்ளைக்கு அங்கே ரயில்வேயில் வேலை, லீவு கிடையாது. அவளை இங்கே கூட்டிவர டாக்டர் சம்மதிக்கவில்லை. சரோஜாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். மூன்று நாள் ரயிலில் உட்கார முடியாது. என் புள்ளிகளைக் கொடுக்கலாமென்றால் அவை எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமாம். இல்லாத மனைவிக்கு எவ்வளவு மரியாதை பார். டிக்கெட் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். சரோஜா தலையாட்டி மறுத்தாள்.

"அவுரு சொன்ன டிக்கெட்டு இருந்தா பிளேன்ல போறேன். இல்லாங்காட்டி ரயிலு. கால் போனா போவட்டும்."

உன் மனைவி அல்லவா?

மறுநாள் காலை பீரோவைத் திறந்தேன். நாம் பறந்த ஒவ்வொரு விமானத்தின் போர்டிங் பாஸ் துண்டும், உன்னுடையதும் என்னுடையதும், வருஷ வாரியாகக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நீ கேலி செய்வாய்: "பல்லு வெளக்கன குச்சியக்கூட கவர்ல போடுவ." மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தேன். சேர்ந்து பறந்தவை இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. உமா கல்யாணத்தின்போது நான் தனியாகப் போனவை நான்கு. எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது நீ தனியாகப் போனவை ஒன்பது. அப்படியென்றால் உனக்கு முந்நூற்று ஒன்று. எனக்கு இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

மறுபடி எண்ணினேன். அதே விடை. பிறகு உன் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு துண்டுகளில், உன் பெயருக்குக் கீழே என் உறுப்பினர் எண் அச்சாகியிருந்தது. பெரும்பாலும் விடியற்காலை விமானங்கள். நீ இரண்டு கார்டையும் சேர்த்து நீட்டியிருக்கிறாய். தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்கள் மேலே இருந்த ஒரே கார்டின் எண்ணை இரண்டு பேருக்கும் அடித்திருக்கிறார்கள். மேலே இருந்தது என் கார்டு. என்னுடையதை நீ எப்போதும் மேலேதான் வைப்பாய்.

உன் பன்னிரண்டு பயணங்களின் மேல் உட்கார்ந்துதான் நான் வாழ்நாள் உறுப்பினராகியிருக்கிறேன், கோதண்டம்.

அதைக் கண்டுபிடித்ததும் நான் துள்ளிக் குதித்து ஓடினேன் என்று எழுத ஆசை. ஓடவில்லை. நான்கு நாள் கவர்களை மூடி வைத்துவிட்டு, எண்ணியதில் எங்கேயோ தப்பு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போய்ப் பேச வேண்டுமே என்ற பயம் ஒன்று. தங்கக் கார்டு போய்விடுமே என்பது இன்னொன்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். தனி வரிசையில் நிற்கும்போது யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. அது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை வழக்கம்போல மலைக்குப் படியேறினேன். பாதியில் மூச்சு வாங்க நின்றபோது அந்த ஐம்பது கிராம் கல்லின் ஞாபகம் வந்தது. இந்தூரிலிருந்து திரும்பிய பிறகு அதன் விளிம்பில் ஒரு கீறலை நான்தான் பார்த்தேன். அந்தக் கல்லை வைத்து ஏழு இடங்களில் சான்றிதழ் கொடுத்திருந்தோம். இரண்டு நாள் உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன். மூன்றாம் நாள் சொன்னபோது நீ திட்டவில்லை.

"கல்லு தப்புன்னு தெரிஞ்சிபோச்சி. இனிமே அது குடுத்த பேப்பர் எல்லாம் நம்முளுது இல்ல பாவா. வா, திரும்பி வாங்கினு வந்துரலாம்" என்றாய்.

ஏழு இடங்களுக்கும் போய்ச் சான்றிதழைத் திரும்ப வாங்கி, புதிதாகச் சரிபார்த்துக் கொடுத்தோம். நம் கம்பெனியின் பெயர் அதனால் கெடவில்லை. அடுத்த வருஷம் வேலை இரட்டிப்பானது. அந்தப் படியிலேயே முடிவு செய்தேன். என் கார்டு தப்பான கல். அது கொடுத்தது என்னுடையது இல்லை. அதிகாரியிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை அங்கேயே தயாரித்து, மீதிப் படிகளில் படிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே ஏறினேன். பக்கத்தில் வந்த ஒரு அம்மாள் நான் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்து வழிவிட்டாள்.

முதலில் கடிதம் எழுதினேன். விட்டுப்போன பயணங்களை ஆறு மாதத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், வருந்துகிறோம் என்று பதில் வந்தது. விவரமாக இன்னொன்று எழுதினேன். அதே பதில் வந்தது. அதற்குள் தை பிறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கவர்களைப் பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன். மணவூர் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இறங்கிவிட்டேன். ஆமாம், பிளாட்பாரத்தில் இறங்கி நின்றேன். கையில் இருந்த பையைப் பார்த்தேன். உன் பெயர் எழுதிய கவர் மேலே தெரிந்தது. ரயில் நகர்வதற்குள் திரும்ப ஏறிவிட்டேன்.

அலுவலகத்தில் ஒரு பெண்தான் என் துண்டுகளைப் பார்த்தாள். உமா வயசு இருக்கும். நான் மலையில் தயாரித்த வாக்கியம் வந்தது. ஆனால் நடுவிலிருந்து தொடங்கியது. அவள் பொறுமையாக, "சார், ஆறு மாசம் தாண்டினா புதுசா எதையும் சேர்க்க முடியாதுங்க" என்றாள்.

"சேர்க்க வேண்டாம்மா. எடுத்துடுங்க," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என் கணக்கில் பன்னிரண்டு பயணங்கள் தப்பாக இருக்கின்றன, அவற்றை நீக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரே ஆள் ஒரே விமானத்தில் இரண்டு இருக்கையில் எப்படி உட்கார முடியும் என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரில் பார்த்தாள். பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், எடுத்துட்டா உங்களுக்கு இருநூத்தித் தொண்ணூத்தாறு ஆயிடும். உங்க லைஃப்டைம் கார்டு போயிடும்" என்றாள்.

"தெரியும்மா."

அவள் எழுந்து போய் அதிகாரியை அழைத்து வந்தாள். அவர் விதிகளை மேசைமேல் வைத்துப் புரட்டினார். கேட்பதற்குத்தான் ஆறு மாதக் கெடு. வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதற்கு எந்தக் கெடுவும் அதில் இல்லை. அப்படி ஒருவன் வருவான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என்னிடமிருந்து எடுத்த பன்னிரண்டும் யாருடையவை என்று கேட்டேன். துண்டுகளில் பெயர் இருந்தது, இருக்கை எண் இருந்தது, அவர்களுடைய பழைய பதிவிலும் அதே பெயர் இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார். உறுப்பினர் இறந்துவிட்டாரே என்றார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை.

"அவன் உயிரோட இருக்கும்போதே முந்நூத்தி ஒண்ணு பறந்துட்டான் சார். எழுதினதுதான் தப்பு. பறந்தது தப்பில்லைங்களே."

அதிகாரி என்னையே பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் சரிபார்க்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு துண்டிலும் இருந்த தேதியையும் எண்ணையும் படித்தாள். நான் எழுதிக்கொண்டு உரக்கத் திருப்பிச் சொன்னேன். மூன்றாவது துண்டில் என் குரல் நடுக்கம் நின்றுவிட்டது. ஆறாவதில், அவள் ஓர் எண்ணை மாற்றிப் படித்தபோது, "மறுபடி பாரும்மா" என்று அதட்டியே விட்டேன். நான் அதட்டினேன், கோதண்டம். பன்னிரண்டும் முடிந்தபோது அலுவலகத்தில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாளில் தங்க நிறக் கார்டு பள்ளிப்பட்டுக்கு வந்தது. சரோஜா கோதண்டம் என்று முழுப்பெயரும் போட்டு. எனக்கு நீல நிறச் சாதாரணக் கார்டு. சரோஜா தெரு முழுக்கக் காட்டிவிட்டு, கார்டைச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாளாம்; பிளாஸ்டிக் உருகிவிடப் போகிறது என்று நான் போனில் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணும் ஒரு நாள் போன் செய்தாள். என்னைப் போலவே இன்னும் சிலர், கூட வந்தவரின் பயணம் தங்கள் கணக்கில் இருப்பதாகத் துண்டுகளோடு வந்தார்களாம். என் பைலைக் காட்டித்தான் அவர்களுக்கும் தீர்த்து வைத்தாளாம். "உங்களால சார்" என்றாள். நான் ரிசீவரை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். கௌகாத்திக்குக் கல்கத்தாவில் விமானம் மாற வேண்டும். போக இரண்டு, வர இரண்டு. நான் என் காசில் டிக்கெட் வாங்கிச் சரோஜாவோடு போய்விட்டு மார்ச் முப்பத்தொன்றுக்குள் திரும்பிவிட்டால் எனக்கும் சரியாக முந்நூறு ஆகிவிடும். கணக்கு எனக்கும் தெரியும். முப்பதாம் தேதிக்குத் திரும்ப டிக்கெட் போட்டேன்.

மீனம்பாக்கத்தில் தனி வரிசையில் சரோஜா முன்னால் நின்றாள். பட்டுப்புடவை, கையில் கம்பு. கூட வருவது யார் என்று கவுன்டரில் கேட்டார்கள். "எங்க அண்ணன். நான்தான் கூட்டிக்கினு போறேன்" என்றாள். அவள் தன் கார்டை நீட்டினாள். நான் என் கார்டை, நானே, என் கையால் நீட்டினேன். தனித்தனியாகப் போடச் சொல்லி ஆங்கிலத்திலேயே சொன்னேன். விமானம் கிளம்பியபோது சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தத்தான் அவுரு முந்நூறு தபா பண்ணாரா? ஒரு வார்த்த பயமா இருக்கும்னு சொன்னாரா பாருண்ணா" என்றாள். நீ பயந்திருக்கிறாயா என்ன? இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு முறை பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே.

முப்பதாம் தேதி வந்தது. குழந்தை வரவில்லை. சரோஜா என்னைக் கிளம்பச் சொன்னாள். தான் தனியாக வந்துவிடுவதாகச் சொன்னாள். பெட்டியைக் கட்டினேன். கட்டிவிட்டு வாசலில் நின்று யோசித்தேன். நாக்பூரில் நீ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது கம்பெனிக்காகவா? ஒரு கம்பெனி விதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றும். நீ சரோஜாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாய், அதற்காக உட்கார்ந்திருந்தாய். பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தேன். டிக்கெட் தேதியை மாற்றச் சொல்லி நானே போன் செய்தேன்.

விதி மாறிய மூன்றாம் நாள் காலை உன் பேத்தி பிறந்தாள். தராசில் வைப்பதற்கு முன் அது பூஜ்யத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்; நர்ஸ் முறைத்தாள். பிறகு குழந்தையைக் கிடத்தி, "த்ரீ பாயின்ட் டூ" என்று படித்தாள். என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை, இருந்தாலும் நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். மூன்று கிலோ இருநூறு கிராம். வார்டு முழுக்கக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்குமா?

என் கணக்கு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றுவிட்டது. இனி அது ஏறாது. நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே கோடு போட்டு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை என் கையெழுத்தை நம்புகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் குழந்தையை இங்கே கொண்டுவந்து மொட்டை போடப்போகிறார்கள். சரோஜா போய் அழைத்து வருவாள், நான் கூடப் போவேன். அவள் எத்தனை முறை பறந்தாலும் பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன். எந்தக் கவுன்டரிலும் என் கார்டை நானே நீட்டுவேன். உன் பேத்திக்கு ஒரு கார்டு வாங்கும்போது, அதை என்னுடையதற்கு மேலே வைப்பேன்; ஆனால் இரண்டையும் தனித்தனியாகத்தான் கொடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பாவா,
சரோஜாவின் அண்ணன்,
அவளுடைய கார்டில் துணைப் பயணி.